மை படாத விரல்

எகிப்தின் பனீ கலஃப் ஊரில் ஷேக் அப்துத் தவ்வாபின் பெயர் முதன்முதலில் அடிபட்டது, ஒரு கழுதை வண்டிக்காரனின் குடும்பத்தை அவர் கலைத்துவிட்டபோதுதான். மச்சான் வீட்டில் இனிக் கை நனைப்பதில்லை, நனைத்தால் பெண்டாட்டிக்கு மூன்று தலாக் என்று அந்த வண்டிக்காரன் கோபத்தில் சத்தியம் செய்திருந்தான். நைல் கரை ஆண்களுக்கு இந்தச் சத்தியம் நாக்கு நுனியிலேயே இருக்கும். வந்தவர் இன்னொரு டீ வேண்டாம் என்றால்கூட, 'நீ குடிக்காமல் போனால் என் பெண்டாட்டி மூன்று தலாக்' என்று வழி மறிப்பார்கள். அவரும் குடித்துத் தொலைப்பார். எவனாவது சத்தியத்தில் தவறிவிட்டால் பள்ளிவாசலின் பழைய இமாம் நன்றாகத் திட்டிவிட்டு, சின்னதாக ஏதாவது பரிகாரம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வண்டிக்காரன் மறந்துபோய் மச்சான் வீட்டில் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்ட அன்று பழைய இமாம் காய்ச்சலில் படுத்திருந்தார். அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு வயது இருபத்தாறு.

"மூணு தலாக்னு சொன்னியா?" என்று கேட்டார் இளம் ஷேக்.

"வாய் தவறி வந்துடுச்சு, மௌலானா."

"நிக்காஹ் அன்னைக்கும் வாயாலதான சொன்ன? அது செல்லும், இது மட்டும் செல்லாதா? போய் அவளை அவ பொறந்த வீட்டுல விட்டுட்டு வா."

வண்டிக்காரன் ஒரு வருடம் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து அழுதான். பிறகு கெய்ரோவுக்குப் போய்த் தொலைந்தான். ஊர் அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய இமாமைப் பார்த்தால் சிரித்துப் பேசுகிற ஆட்கள், இந்த இளைஞர் தெருவில் வந்தால் சிகரெட்டைக் காலடியில் போட்டு மிதித்தார்கள். ஷேக் அதைக் கவனித்தார். பரிகாரம் சொல்லி அனுப்புகிற கருத்தும் மார்க்க நூல்களில் உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. இரண்டு கருத்தும் அவருக்கு மனப்பாடம். எதைச் சொன்னால் ஊர் நடுங்குகிறதோ அதையே கடைசிவரை சொல்வது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டார்.

இருபத்தைந்து வருடம் அப்படியே ஓடியது. பழைய இமாம் போய்ச் சேர்ந்தார். பெரிய பள்ளிவாசல் ஷேக்குக்கு வந்தது. கல்யாணங்களில் மேளத்தை நிறுத்தினார், நதிக்கரைக் காபிக் கடையில் டிவியை நிறுத்தினார். தலாக் சத்தியத்தில் தவறியவர்களை ஒருவர் விடாமல் பிரித்துவைத்தார். அரசாங்கச் சட்டப்படி, சத்தியத்துக்காகச் சொன்ன தலாக் செல்லாது. அதை யாராவது நினைவூட்டினால், "கப்ருக் குழியில கணக்குப் பார்க்க வர்ற மலக்கு கோர்ட்டுச் சீட்டையா கேக்கப் போறாரு?" என்பார். தேர்தல் என்பது காஃபிர்களின் கூத்து, ஓட்டுப் போடுவது ஹராம் என்றும் சொல்லிவந்தார்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அதிபர் விழுந்தார். கட்சிகள் முளைத்தன. தாடி வைத்தவர்களின் கட்சி ஒன்று, ஷேக்கைத் தேடி ஊருக்கு வந்து, நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் வேட்பாளராக நில்லுங்கள் என்றது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் புது விஷயம் கேட்டது. ஓட்டு என்பது சாட்சியம், சாட்சியத்தை மறைப்பவன் பாவி என்றார் ஷேக். போன வெள்ளிவரை ஹராமாக இருந்தது இந்த வெள்ளி எப்படிக் கடமையானது என்று தெருமுனை நாவிதர் மட்டும் கேட்டார். அவர் கடைக்கு ஒரு மாதம் யாரும் தலையைக் கொண்டுபோகவில்லை.

எதிர்த்து நின்றவர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரிகளின் முதலாளி. அவரிடம் சொந்தக்காரர்கள் அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்த வழக்கறிஞர் ஷவ்கி, ஷேக்கின் தேர்தல் வேலைகளைப் பார்த்துவந்தவர், ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"மௌலானா, இந்த ஆளுங்க ரெண்டு பக்கமும் விருந்து சாப்பிடுவாங்க. பெட்டிக்கிட்ட போனா எவன் எதுல குத்துவான்னு யாருக்குத் தெரியும்? சத்தியம் வாங்கிடுங்க."

"குர்ஆன் மேலயா?"

"அதுக்கெல்லாம் பயப்படுற காலம் போச்சு. தலாக் மேல வாங்குங்க. உங்ககிட்ட தலாக் சத்தியம் பண்ணிட்டு தப்பிச்சவன் இந்த ஜில்லாவுலயே கெடையாது. அது எல்லாருக்கும் தெரியும்."

ஷேக் யோசித்தது ஒரு டீ குடிக்கிற நேரம்தான். இருபத்தைந்து வருடமாகச் சேர்த்துவைத்த பயம் எதற்கு உதவும் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். பேச்சு முடிந்ததும் ஆண்கள் வரிசையில் வந்து ஷேக்கின் கையைப் பிடித்து, "ஷேக்குக்கு ஓட்டுப் போடலைன்னா என் பொண்டாட்டிக்கு மூணு தலாக்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். தயங்குகிறவனை, "ஏம்ப்பா, பொண்டாட்டி வேணாமா?" என்று பின்னால் நிற்பவர்கள் கேலி செய்வார்கள். தயங்குகிறவனும் சொல்லிவிடுவான். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் ஆளாக வந்து சொல்லித் தொடங்கிவைத்தது ஷேக்கின் மருமகன் ஃபராஜ்.

ஃபராஜ் மினிபஸ் ஓட்டுபவன். பெரிய குடும்பம் கிடையாது, படிப்பும் கிடையாது. எந்தப் பாதையில் வண்டி ஓட்டினாலும் விடியற்காலை சுபுஹ் தொழுகைக்கு முன்வரிசையில் நிற்பான் என்பதற்காகத்தான் ஒன்பது வருடம் முன்பு தன் ஒரே மகள் நுஸைபாவை ஷேக் அவனுக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் வேறொன்றும் தெரிந்தது. தன் வீட்டில் வாய் திறக்காத அந்தப் பெண் அவன் வீட்டில் சத்தமாகச் சிரித்தாள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் சிரித்தாள். ஷேக் போகும்போதெல்லாம் தெருமுனைவரை அந்தச் சிரிப்பு கேட்கும். அவருக்கு அது பிடித்திருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும், அந்த மனிதருக்கு மகள் என்றால் உயிர்.

ஓட்டுப் பதிவு இரண்டு நாள் நடந்தது. ஃபராஜ் இரண்டு நாளும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. வயல் நடுவில் இருக்கிற குடியிருப்புகளிலிருந்து கிழவர்களையும் பெண்களையும் ஏற்றி வந்து வாக்குச்சாவடியில் இறக்கினான். அவனுடைய சொந்த ஓட்டு வாய்க்கால் அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தில். இரண்டாம் நாள் சாயங்காலம் ஷேக்குக்குப் போன் செய்தான்.

"மாமா, என் ஓட்டு இன்னும் போடலை. இப்ப கிளம்புனா சரியா இருக்கும்."

"மேற்கு குடியிருப்புல பொம்பளைங்க நாப்பது பேர் நிக்கிறாங்களாம். அவங்களை முதல்ல கொண்டாந்து விடு. ஒன்னோட ஒரு ஓட்டு எங்க ஓடிடப் போகுது?"

ஃபராஜ் போனான். நாற்பது பேருக்கு மூன்று நடை ஆயிற்று. கடைசி நடையை இறக்கிவிட்டு வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு அவன் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தின் கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே நீதிபதி பெட்டிக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

ஷேக் ஜெயித்தார். கொஞ்ச ஓட்டில் அல்ல, லாரி முதலாளி ஊரைவிட்டே போகிற அளவுக்கு ஜெயித்தார். மூன்றாம் நாள் மதியம் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு விருந்து நடந்தது. பெரிய தாம்பாளங்களில் ரொட்டியும் சோறும் போட்டு, ஆட்டுக்கறியைக் குழம்போடு மேலே கொட்டியிருந்தார்கள். ஓட்டுப் போட்டவர்களின் விரலில் வைத்த ஊதா மை மூன்று நாளாகியும் போகவில்லை. தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்த பத்துப் பன்னிரண்டு பேரும் ஊதா விரல்களால் கறியைப் பிய்த்தார்கள். மையைக் காட்டிக் காட்டி, "என் பொண்டாட்டி தப்பிச்சா" என்று சிரித்தார்கள். அதே தாம்பாளத்தில் ஒரே ஒரு கை மட்டும் வெள்ளையாக இருந்தது.

முதலில் பார்த்தவன் கரும்பு வெட்டுகிற ஒரு மேஸ்திரி. அவன் கெட்டவனும் இல்லை. வயிறு நிறைந்த சந்தோஷத்தில் விளையாட்டாகத்தான் கேட்டான்.

"என்ன மாப்ள, மையை நக்கித் தின்னுட்டியா?"

ஃபராஜ் சிரித்தான். "எங்கப்பா, ஊரையெல்லாம் ஏத்தி எறக்குனதுல என் ஓட்டையே விட்டுட்டேன்."

அவன் அதை ஒரு வேடிக்கை போலத்தான் சொன்னான். மாமாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று நினைத்துக்கொண்டு கறியைப் பிய்க்கப் போனான். பிய்த்த கை பாதியில் நின்றது. தாம்பாளத்தைச் சுற்றி யாரும் சாப்பிடவில்லை. பக்கத்துத் தாம்பாளத்தில் என்னவென்று கேட்டார்கள், சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க அமைதியாகி எல்லாருடைய கண்ணும் ஷேக்கின் பக்கம் திரும்பியது. முந்நூறு பேர், முந்நூறு பேருமே சத்தியம் செய்தவர்கள்.

ஷவ்கி ஷேக்கின் காதருகே குனிந்தார். "அடுத்த மாசம் மேல்சபைத் தேர்தல், மௌலானா. இதே ஆளுங்க, இதே சத்தியம். இப்ப விட்டுக்குடுத்தீங்கன்னா இந்தச் சத்தியத்துக்கு ஒரு மரியாதையும் இருக்காது."

ஷேக் கை கழுவிக்கொண்டு எழுந்தார். அவருக்கு நெஞ்சு படபடத்தது உண்மை. ஆனால் முந்நூறு முகமும் தன்னைப் பார்த்துப் பயந்துபோயிருப்பதைப் பார்க்கப் பார்க்க அந்தப் படபடப்பு வேறொன்றாக மாறியது. அதற்குப் பெருமை என்றுதான் பெயர்.

"ஃபராஜ், சத்தியம் பண்ணியா?"

"பண்ணேன், மாமா."

"ஓட்டுப் போட்டியா?"

"மாமா, நீங்கதான போன்ல..."

"போட்டியா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப என் மகள் உனக்கு ஹராம். இந்த நேரத்துலருந்து நீ அவ மூஞ்சியப் பார்க்கக் கூடாது. நான் ஊருக்கு ஒரு நியாயம், என் வீட்டுக்கு ஒரு நியாயம்னு சொல்றவன் இல்ல."

ஒரு மூலையிலிருந்து தக்பீர் கிளம்பியது. பந்தல் முழுக்க அல்லாஹு அக்பர் என்று எழுந்து நின்றார்கள். சொந்த மகளுக்காகக்கூட மார்க்கத்தை விட்டுக்கொடுக்காத மனிதர் என்று பெரியவர்கள் அழுதார்கள். கறி ஆறிப்போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அன்று மாலையே நுஸைபா இரண்டு பிள்ளைகளோடு வந்து அப்பாவின் அறை வாசலில் நின்றாள்.

"வாப்பா, அவர் ஓட்டுப் போடாம போனது உங்களாலதான. நீங்க போன் பேசும்போது உம்மா பக்கத்துல இருந்தாங்களாம்."

"அவன் வாயால சத்தியம் பண்ணுன்னு நானா சொன்னேன்?"

"எல்லாக் கூட்டத்துலயும் அவரைத்தான முதல்ல நிக்க வச்சீங்க."

அவள் கீழே உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா, பரிகாரம் செஞ்சா போதும்னு வேற ஆலிம்கள் சொல்றாங்க. எனக்கே தெரியும். நான் உங்க மகள், உங்க கிதாபையெல்லாம் படிச்சவதான். யாருக்கும் தெரிய வேணாம். அவர்கிட்ட மட்டும் சொல்லுங்க, நாங்க கெய்ரோவுக்கே போயிடறோம்."

அவள் சொன்னது நடக்கிற காரியம்தான். வண்டியில் ஏறிப் போயிருந்தால் ஆறு மாதத்தில் ஊர் மறந்திருக்கும். ஷேக் மகளின் தலையில் கை வைத்தார். "நீ ஒருத்தி பொறுத்துக்கிட்டா எத்தனையோ ஆயிரம் பேர் நேரா நடப்பாங்க, மவளே" என்றார். தன் மகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல அவருக்கு அவ்வளவு சுலபமாக வாய் வந்தது.

மறுநாள் ஃபராஜ் கல்யாணப் பதிவாளர் முன்னால் தலாக் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். போடாவிட்டால் பாவத்தில் வாழ்வதாக ஆகும் என்று ஷேக் ஆள் அனுப்பியிருந்தார். ஃபராஜ் அல்லாஹ்வுக்குப் பயந்தவன். அவனைப் போன்றவர்களை வைத்துத்தான் எல்லாமே நடக்கிறது. மேல்சபைத் தேர்தலில் சத்தியம் செய்த ஒருவன்கூடத் தவறவில்லை. கட்சித் தலைமை ஷேக்கைக் கூப்பிட்டு நாடாளுமன்றச் சட்டக் குழுவில் உட்காரவைத்தது.

மறுமணத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய மூன்று மாத இத்தா முடிந்தது. நுஸைபா சிரிப்பதை விட்டுவிட்டாள், சாப்பிடுவதையும் பாதி விட்டுவிட்டாள். வீட்டில் தலாக்கான மகள் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று ஷவ்கி சொன்னார். கட்சியின் வண்டிகளும் மேடைகளும் யார் தயவில் ஓடினவோ அந்த உர வியாபாரி ஹாஜி முஅவ்வத் பெண் கேட்டார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, முதல் மனைவி இருக்கிறாள். ஷேக் சம்மதித்தார். நுஸைபாவிடம் கேட்டபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. கன்னிப்பெண்ணுக்குத்தான் மௌனம் சம்மதம், மணமாகிப் பிரிந்தவள் வாயால் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஷேக்குக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் மௌனத்தையே எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் தாத்தா வீட்டில் நின்றுவிட்டன.

அந்தக் கல்யாணம் முடிந்து நாலு வாரத்தில் கெய்ரோவிலிருந்து தாள் ஒன்று வந்தது. தலாக் சத்தியம் வாங்கி ஓட்டுச் சேர்க்கிற கட்சி என்று பத்திரிகைகளில் படம் போட்டுச் சிரித்திருந்தார்கள். அதிபர் தேர்தல் வருகிறது, பெண்களின் ஓட்டு வேண்டும். அதனால் கட்சியின் மார்க்கக் குழு கூடி, சத்தியத்துக்காகச் சொன்ன தலாக் தலாக்கே ஆகாது, தவறியவர்கள் பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டால் போதும், மனைவி மனைவிதான் என்று எழுதி அனுப்பியிருந்தது. எல்லாப் பள்ளிவாசல்களிலும் இந்த வெள்ளியே படிக்க வேண்டும்.

ஷேக் அதை மிம்பர் மேடையில் நின்று அழகாகப் படித்தார். ஆதாரங்களைத் தன் சார்பில் நாலைந்து சேர்த்துக்கொண்டார். குரல் எங்கும் தடுக்கவில்லை. மகள் காலைப் பிடித்துக் கேட்டபோது கிடைக்காதது, கட்சி ஒரு தாளில் கேட்டபோது கிடைத்தது. பள்ளிவாசலில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். நடு வரிசையில் ஃபராஜ் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டான்.

அடுத்த வெள்ளி ஜும்மா முடிந்து ஷேக் வீடு திரும்பியபோது முற்றத்தில் விரிப்புப் போட்டிருந்தது. பத்து ஏழைகள் உட்கார்ந்து சோறும் அவரைக் குழம்பும் கோழியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபராஜ் குழம்புச் சட்டியோடு குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகளைப் பார்க்க வருகிற நுஸைபா சமையலறைக் கதவருகே நின்றிருந்தாள். வெளியே ஹாஜியின் கார் அவளுக்காகக் காத்திருந்தது. ஷவ்கியும் கட்சி ஆட்கள் சிலரும் ஷேக்கின் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

ஃபராஜ் சட்டியை இறக்கி வைத்தான். இந்த முறை அவன் மாமா என்று கூப்பிடவில்லை.

"பத்துப் பேர், மௌலானா. எண்ணிப் பாத்துக்குங்க."

"அல்லாஹ் ஏத்துக்குவான்."

"அப்ப என் சத்தியத்துக்குப் பரிகாரம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அன்னைக்கு நடந்தது தலாக்கே இல்லைன்னு நீங்கதான மிம்பர்ல சொன்னீங்க. அப்ப அவ என் பொண்டாட்டி."

"நீ பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்க."

"தலாக் ஆயிடுச்சுன்னு நீங்க சொன்னதால போட்டேன். ஆகலைன்னு இப்ப நீங்களே சொல்றீங்க. நாலு மாசமா நான் தனியா கெடந்தேன், அது போகட்டும். அஞ்சு வாரமா என் பொண்டாட்டிய இன்னொருத்தன் வீட்டுல விட்டு வச்சிருக்கறது யாரு, மௌலானா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. ஷேக் தன் பின்னால் ஷவ்கி தொண்டையைச் செருமுவதைக் கேட்டார். அவன் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டால் மகள் ஐந்து வாரமாக வாழ்வது விபச்சாரம், அவளை அங்கே கட்டிக்கொடுத்தது தகப்பன். தவறு என்றால் மிம்பரில் படித்தது பொய். கிதாபில் இதற்கு வழி இல்லை. ஆனால் ஷேக் இந்த மூன்று மாதமாகச் சட்டக் குழுவில் உட்கார்ந்து வேறு சில விஷயங்களையும் கற்றிருந்தார்.

"அந்தத் தீர்ப்பு போன வெள்ளிக்கிழமையிலருந்துதான் அமலுக்கு வருது" என்றார். "அதுக்கு முன்னாடி முடிஞ்ச காரியத்துக்கு இது பொருந்தாது."

ஃபராஜுக்கு அது புரிய நேரமாயிற்று. அல்லாஹ்வின் சட்டத்துக்கும் தேதி உண்டா என்று கேட்க அவன் படித்தவன் இல்லை.

நுஸைபா கதவைவிட்டு முன்னால் வந்தாள். இத்தனை ஆண்கள் நடுவில் அவள் வந்து நின்றது அதுவே முதல் முறை. ஃபராஜைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள்.

"வாப்பா, ஒன்னே ஒன்னு சொல்லுங்க. என் புருஷன் யாரு?"

ஹாஜியின் டிரைவர் பொறுமை இழந்து வெளியே ஹாரன் அடித்தான். ஷேக் மகளின் முகத்தைப் பார்க்காமல், பின்னால் நிற்கிற கட்சி ஆட்களுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"யாரு கார்ல வந்தியோ அவருதான். போய் ஏறு, ஹாஜிக்குச் சாப்பாட்டு நேரமாச்சு."